ஒரே சிங்கம், இரண்டு போத்தல்: திருகோணமலை மேசையில் உறைப்பும் ஸ்ட்ரோங் பியரும்

உப்புவெளிக் கடற்கரையில் ஆவணி மாதத்து ஒரு பின்னேரம். பக்கத்து மேசையில் வெள்ளைக்காரத் தம்பதி. எங்கள் மேசையில் நானும் சித்தப்பாவும், கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த மச்சானும். பரிமாறும் பொடியன் அவர்களிடம் எதுவும் கேட்காமலே இரண்டு லயன் லாகரைத் திறந்து வைத்தான். பொரித்த கணவாய்க்குப் பக்கத்தில் தக்காளி சோஸ் போத்தலையும் வைத்தான். பிறகு எங்களிடம் வந்தான். "ஸ்ட்ரோங்தானே அண்ணை? டெவல் கணவாய்க்கு உறைப்புக் கூடப் போடச் சொல்லவோ?" சித்தப்பா வாய் திறக்குமுன்னமே பாதிவழி திரும்பிவிட்டான்.

இரண்டு மேசைப் போத்தலிலும் ஒரே சிங்கம்தான். அவர்களுடையதில் மதுசாரம் 4.8 வீதம், எங்களுடையதில் 8.8 வீதம். இந்த வித்தியாசத்துக்கு ஊரில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கும்: "சூட்டு நாடு தம்பி. உறைப்பும் வேணும், ஏறுறதும் வேணும்." வெக்கைக்கு வியர்க்க மிளகாய், மிளகாயை அணைக்க பியர், வேலை செய்த உடம்புக்கு ஸ்ட்ரோங். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வெயில்தான் காரணம் என்றால் கொட்டியாரக் குடாவின் ஒரு கரையிலிருந்து மறுகரை போவதற்குள் அந்தக் கணக்குப் பிழைத்துவிடுகிறது.

முஸ்லிம்கள் நிறைய வாழும் கிண்ணியாவையும் மூதூரையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2012 கணக்கெடுப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் சுமார் 40 வீதம். அதே வெயில், அதே கடல், அதே மீன். புரியாணிக்குப் பக்கத்தில் அவர்கள் வைக்கும் அச்சாறும் மாசிச் சம்பலும் எங்கள் வீட்டுச் சம்பலுக்கு உறைப்பில் ஒரு துளியும் குறைந்ததல்ல. ஆனால் பியர் இல்லை. உறைப்பை ஆற்ற அங்கே வருவது சட்டித் தயிரும் வட்டிலப்பமும். அப்படியே வெளியே போனால் மெக்சிக்கோவிலும் மிளகாய் கடுமைதான், பியரோ பெரும்பாலும் நாலரை, ஐந்து வீதத்து இலேசான லாகர், அதிலும் தேசிக்காய் பிழிந்து குடிப்பார்கள். பெல்ஜியத்தில் எட்டு, ஒன்பது வீதத்து பியர் சர்வசாதாரணம். பொரித்த உருளைக்கிழங்குக்குத் தொட்டுக்கொள்வது மயோனைஸ். ஜேர்மனியின் பவேரியாவில் நோன்பு காலத்து ஸ்டார்க்பியர் ஏழு வீதத்தைத் தாண்டும்; அந்த ஊர்த் தொத்திறைச்சிக்கு வைக்கும் கடுகோ இனிப்புக் கடுகு. 1854இல் மியூனிக் நகரில் யோஹான் கொன்ராட் டெவலி என்பவர் சீனி சேர்த்து ஆக்கிய வகை அது.

ஆக, உறைப்பும் ஸ்ட்ரோங்கும் கூடப்பிறந்தவை அல்ல. எங்கள் மேசையில் இரண்டும் ஒன்றாக வந்து உட்கார்ந்தது தனித்தனிக் காரணங்களால். ஒன்று சோற்றுப் பானையிலிருந்து வந்தது. மற்றது மதுவரித் திணைக்களத்தின் பக்கத்திலிருந்து வந்தது என்பேன்.

முதலில் உறைப்பு. மிளகாய் எங்களுடையது அல்ல என்பது பலருக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சாப்பிட உட்காரும்போது மறந்துபோகும். அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கப்பலில் இந்தப் பக்கம் வந்தது. அதற்கு முன்னம் இங்கே உறைப்பு என்றால் மிளகு, திப்பிலி, இஞ்சி, கடுகு. மிளகைப்போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று தமிழ் பெயர் வைத்துக்கொண்டது. சிங்களத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. மிளகுக்கு இருந்த 'மிரிஸ்' என்ற பெயரை மிளகாய் எடுத்துக்கொள்ள, பழைய மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ் ஆகிவிட்டது. வந்தவன் வீட்டுக்காரனானான், வீட்டுக்காரன் நாட்டுப்புறத்தான் ஆனான். கிழக்கில் முஸ்லிம் வீடுகளில் கேட்கும் 'கொச்சிக்காய்' என்ற சொல் கொச்சித் துறைமுகத்திலிருந்து வந்தது என்பார்கள். சம்பல் என்ற சொல்லே மலாய்க்காரரின் 'சம்பால்'. திருகோணமலையைப் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆளுக்கு ஆள் மாறிப் பிடித்த காலத்தில் சட்டிக்குள்ளும் கொஞ்சம் நடமாட்டம் இருந்திருக்கிறது.

மிளகாய்க்கு முந்திய சமையல் இன்னும் முழுதாகச் சாகவில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் வைக்கும் பத்தியக் கறியைப் பாருங்கள். மிளகு, மல்லி, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் அரைத்துச் சேர்ப்பார்கள். செத்தல் மிளகாயைக் கண்ணிலும் காட்டமாட்டார்கள். "காயம் ஆறட்டும்" என்பாள் அம்மம்மா. நானூறு ஐந்நூறு வருடமாகக் கூட இருந்தும் மிளகாயை இன்னும் முழு உறவாக அவள் ஏற்கவில்லை என்றுதான் எனக்குப் படும்.

ஏன் இவ்வளவு விரைவாக அது வீட்டுக்குள் புகுந்தது? சூட்டு நாடுகளில் இறைச்சி, மீன் கெதியாகப் பழுதாகும், கிருமியைக் கொல்லவே மசாலா கூடியது என்று 1998இல் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். 36 நாட்டுச் சமையல் குறிப்புகளை வைத்துச் சொன்ன கருத்து, பத்திரிகைகள் கொண்டாடின. 2021இல் வேறொரு குழு 70 சமையல் மரபுகளின் 33,000க்கு மேற்பட்ட குறிப்புகளை எடுத்துப் பார்த்தபோது வெப்பநிலையோ தொற்றுநோயோ அந்த வேறுபாட்டை விளக்கவில்லை என்று முடிவு வந்தது. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. காலையில் வலையில் ஏறிய மீனை மத்தியானம் தின்னும் ஊர் நாங்கள். பழுதான மீனுக்கு மிளகாய் போட வேண்டிய அவசியம் இங்கே யாருக்கு?

என் கணக்கு வேறு. சம்பலின் வேலை சோற்றை நகர்த்துவது. ஒரு கோப்பைச் சோறு, ஒரு கறி, அதுவும் இல்லாத நாளில் வெறும் சொதி. நாலு செத்தல், ஒரு பிடி தேங்காய்ப்பூ, ரெண்டு சின்ன வெங்காயம், உப்பு, தேசிக்காய்ப் புளி. இதை இடித்து வைத்தால் ஆறு பேருக்கு இடியப்பம் இறங்கிவிடும். காசுக்கு இவ்வளவு ருசி தரக்கூடிய சாமான் வேறு இல்லை. மிளகு மரத்தில் ஏறும் கொடி, மலைநாட்டு ஈரம் கேட்கும். மிளகாய் முற்றத்து மூலையில் ஒரு பழைய வாளியிலும் காய்க்கும். ஏழையின் பண்டம் என்பதால்தான் அது வென்றது.

எங்கள் வீட்டில் கட்டைச் சம்பல் இடிப்பது சனிக்கிழமை வேலை. உரலுக்குள் முதலில் செத்தலும் உப்பும். கொர கொர என்று உடைந்து, நெடி மூக்கில் ஏறி ஆள் தும்மும்வரை இடிக்கவேண்டும். பிறகு மாசி. கட்டையாகக் காய்ந்த மாலைதீவு மீனைத் தட்டித் தும்பாக்கிச் சேர்ப்பது. அதற்குப் பிறகுதான் வெங்காயம். வெங்காயத்தை முதலில் போட்டால் தண்ணி விட்டுச் செத்தல் மசியாது, நழுவும். கடைசியில் தேசிக்காய். கையால் பிசையும் ஆள் அன்றைக்கு முழுக்கக் கண்ணைத் தொடக்கூடாது; தொட்ட நாட்கள் எனக்கு நன்றாக ஞாபகம். வெள்ளிக்கிழமைச் சம்பலில் மாசி இல்லை, விரதம்.

இடத்துக்கு இடம் வித்தியாசம் என்று பேசும்போது பெரும்பாலும் "அவர்கள் கூட உறைப்பு, இவர்கள் குறைவு" என்றுதான் பேசுகிறோம். நான் கவனித்தவரை அளவு பெரிய விஷயமில்லை. உறைப்போடு எது சேருகிறது, உறைப்பு எங்கே இருக்கிறது என்பதில்தான் ஊர் தெரியும். யாழ்ப்பாணத்தார் செத்தலையும் மல்லியையும் சோம்பு, சீரகத்தோடு கறுக்க வறுத்துத் தூளாக்கிக் கறிக்குள்ளேயே வைத்துவிடுவார்கள். இலையில் விழுந்த பிறகு சாப்பிடுகிறவருக்குத் தெரிவு கிடையாது. எங்களிடம் பாதி உறைப்பு கறியிலும் பாதி சம்பலிலும். சிங்களக் குடும்பங்களில் பாற்சோற்றுக்குப் பக்கத்தில் லுணுமிரிஸ் என்ற மிளகாய்ச் சம்பல். சோறு வெள்ளை வெளேரென்று ஒரு உறைப்பும் இல்லாமல், அத்தனை நெருப்பும் கரையில் ஒரு கரண்டியில். முஸ்லிம் வீட்டு அச்சாறில் வினாகிரி, கடுகு, சில வீட்டில் ஈச்சம்பழமும். உறைப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு வந்து நிற்கும். புளிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்: தேசிக்காயா, வினாகிரியா, பழப்புளியா, கொறக்காயா. ஆள் எந்தத் தெரு என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

கரையில் வைக்கிற உறைப்புக்கு ஒரு வசதி உண்டு. ஒரே சட்டிச் சோற்றை நாலு வயதுப் பிள்ளையும் எழுபது வயதுக் கிழவனும் தின்னலாம். மெக்சிக்கோக் கிராமங்களில் ஆய்ந்த உளவியலாளர் போல் ரோசின் சொன்னதும் இதுதான்: பிள்ளைகளை யாரும் மிளகாய் தின்னக் கட்டாயப்படுத்துவதில்லை. மேசையில் சோஸ் இருக்கும், பெரியவர்கள் தொட்டுத் தின்பார்கள், ஐந்து ஆறு வயதில் பிள்ளை தானாகவே தொட ஆரம்பிக்கும். ஆபத்தில்லாத வலியை அனுபவிக்கும் இந்தப் பழக்கத்துக்குத் தீங்கற்ற சுயவதை என்று அவர் பெயரும் வைத்தார். சம்பல் கோப்பையை முதல்முதல் தானாக இழுத்த பிள்ளையைப் பார்த்து வீடு முழுக்கச் சிரிப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

வலி என்று சொன்னது உவமைக்காக அல்ல. உறைப்பு ஒரு சுவையே கிடையாது. மிளகாயில் உள்ள கப்சைசின் நாக்கின் நரம்பு முனையில் சூட்டை உணரும் வாங்கியைத் தட்டிவிடுகிறது. சுமார் 43 பாகை செல்சியஸ் சூட்டுக்கு விழிக்கவேண்டிய வாங்கி அது. சுடாமலே "சுடுது" என்று மூளைக்குச் செய்தி போகிறது. அந்த வாங்கியை 1997இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது, ஆர்டம் பட்டபூட்டியனோடு பகிர்ந்து. பறவைகளுக்கு இது வேலை செய்யாது. பாயில் செத்தல் காயப்போட்டால் மைனா வந்து கொத்தும். கோட்டைப் பக்கத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கிவரும் மான்கள் டச் பே மாங்காய்க்காரரின் வண்டிலைச் சுற்றும்போது தூள் தூவாத துண்டாகத்தான் கொடுக்கவேண்டும்; மானுக்கு எங்களைப்போல எரியும்.

இங்கேதான் "மிளகாயை அணைக்க பியர்" என்ற கதை அடிபடுகிறது. கப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பிலும் மதுசாரத்திலும் கரையும். சரி, பியரில் மதுசாரம் இருக்கிறதே என்று கேட்கலாம். எட்டு வீதம் போதாது. மிச்சம் தொண்ணூறு வீதமும் பெரும்பாலும் தண்ணீர். அதுமட்டுமல்ல, மதுசாரமே அதே வாங்கியைத் தட்டுகிறது. அது விழிக்கும் வெப்பநிலையைச் சுமார் 42இலிருந்து 34 பாகைக்கு இறக்கிவிடும் என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். உடம்புச் சூடு 37. அதனால்தான் தொண்டைக்குள் இறங்கும் சாராயம் எரிகிறது. ஆக டெவல் கணவாய்க்கு மேல் ஸ்ட்ரோங் ஊற்றுகிறவர் நெருப்பில் கொஞ்சம் எண்ணெயும் ஊற்றுகிறார். குளிர் ஒரு நிமிஷம் ஏமாற்றும், மாவூறலின் (மால்ட்) இனிப்பு கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான்.

உண்மையில் அணைப்பது எது என்று எங்கள் கிழவிகளுக்குத் தெரிந்திருந்தது. சாப்பாட்டின் கடைசியில் சொதி. தேங்காய்ப்பாலின் கொழுப்பு கப்சைசினைக் கழுவிக்கொண்டு போகும். அதைவிட்டால் தயிர், பாலில் உள்ள கேசின் புரதம் அதைப் பிடித்து இழுத்துவிடும். தம்பலகாமம், கிண்ணியாப் பக்கத்து எருமைத் தயிரை ஒரு கரண்டி வைத்துப் பாருங்கள், மூன்று போத்தல் பியர் செய்யாததைச் செய்யும். பியரும் டெவலும் சேர்ந்த காரணம் ஒன்று மற்றதை அணைப்பது அல்ல. உறைப்பும் உப்பும் தாகத்தைக் கூட்டும், அடுத்த போத்தல் வரும். கடைக்காரனுக்கு அது நல்ல ஏற்பாடு.

'டெவல்' என்ற சொல்லின் பயணத்தையும் சொல்லிவிடலாம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையலில் மிளகும் கடுகும் அள்ளிப்போட்டு எரியவைத்த இறைச்சிக்கு 'பேய் பிடித்தது' என்ற பொருளில் வைத்த பெயர் அது. இங்கே அது கறிமிளகாய், வெங்காயம், தக்காளி சோஸ், மிளகாய் விழுது என்று சீனக் கடை வாணலிக்குள் போய் இனிப்பும் உறைப்புமாக வெளியே வந்தது. இன்று இலங்கையில் குடிக்கும்போது கொறிக்கும் 'பைட்' என்றால் முதலில் ஞாபகம் வருவது அதுதான். திருகோணமலையில் 1957வரை ஆங்கிலக் கடற்படைத் தளம் இருந்தது. துறைமுகத்து மதுச்சாலைகளில் யார் யாருக்கு என்ன பழக்கிவிட்டார்கள் என்று இப்போது பிரித்தெடுக்க முடியாது.

இனி பியர். இதில் விஷயம் காசு, வரி, மறைவு.

வெள்ளைக்காரர் கொண்டுவந்த பழக்கம் என்பது உண்மை. சிங்கப் போத்தலின் வரலாறு நுவரெலியாவில் 1881இல் தொடங்குகிறது. குளிர்ந்த மலையும் ஊற்றுத் தண்ணீரும் பியர் வடிக்கத் தோதான இடம். அதன் ஸ்டவுட்டை மைக்கேல் ஜாக்சன் என்ற ஆங்கிலேய பியர் எழுத்தாளர் உலகறியச் செய்தார் (பாட்டுக்காரர் அல்ல). கறுத்த, தடித்த, 8.8 வீதத்து ஸ்டவுட். இந்த மாதிரிக் கடும் ஸ்டவுட் சூட்டு நாடுகளில் நிலைத்தது வெயிலுக்காக அல்ல. ஆங்கிலேயர் தூரத்துக் குடியேற்றங்களுக்கு அனுப்பிய பியர் மாதக்கணக்கில் கப்பலில் கெடாமல் இருக்கவேண்டும் என்று கட்டியாக வடித்து, கசப்புப் பூவை (ஹொப்ஸ்) கூடுதலாகப் போட்டார்கள். யமைக்காவிலும் நைஜீரியாவிலும் இன்றைக்கும் ஏழரை வீதத்து ஸ்டவுட் ஓடுகிறது. இதே காலத்தில் ஆங்கிலேயனின் சொந்த ஊர் பியர் முதலாம் உலகப்போர்க் கால வரியாலும் கட்டுப்பாட்டாலும் இளகிப்போனது. எங்களுக்குக் கடும் பியரைப் பழக்கியவன் வீட்டில் பெரும்பாலும் நாலு வீதத்தை ஒட்டித்தான் குடித்துக்கொண்டிருக்கிறான்!

சட்டம் பியரின் பலத்தை எப்படி மாற்றும் என்பதற்குப் பெல்ஜியம் நல்ல உதாரணம். 1919இல் அங்கே வன்டர்வெல்டே சட்டம் மதுச்சாலைகளில் கடும் சாராயம் விற்பதைத் தடுத்தது. கடையில் வாங்குவதானாலும் குறைந்தது இரண்டு லீற்றர் வாங்கவேண்டும்; கூலிக்காரனால் முடியாது. குடிகாரன் விட்டானா? பியர் வடிப்பவர்கள் பியரைக் கடுமையாக்கினார்கள். இன்று உலகம் புகழும் பெல்ஜிய ஸ்ட்ரோங் பியர் வகைகளுக்குப் பின்னால் அந்தத் தடை நிற்கிறது.

எங்கள் கணக்கை ஒரு கடதாசியில் போட்டுப் பார்த்தேன். பெரிய பியர்ப் போத்தல் 625 மில்லிலீற்றர். 4.8 வீதத்தில் அதற்குள் சுத்த மதுசாரம் 30 மில்லிலீற்றர். 8.8 வீதத்தில் 55. சாதாரணச் சாராயம் 33.5 வீதம், கால் போத்தல் 180 மில்லிலீற்றர் என்றால் 60. அதாவது ஒரு ஸ்ட்ரோங் ஏறக்குறைய ஒரு கால். சாராயக்காரன் பியருக்கு மாறும்போது 4.8ஐத் திறந்தால் அவனுக்கு அது சோடா, 8.8 அவன் ஏற்கெனவே போட்டு வைத்திருக்கும் கணக்கோடு ஒத்துப்போகும். இரண்டு போத்தலுக்கும் இடையிலுள்ள விலை வித்தியாசம் மதுசார வித்தியாசத்தைவிடச் சின்னது என்றால், கூலிக்குப் போகிறவன் எதை எடுப்பான் என்று ஆராயத் தேவையில்லை. மதுவரியும் நெடுங்காலம் பியரை 5 வீதம் என்ற ஒரு கோட்டில் இரண்டாகப் பிரித்தது. கோட்டைத் தாண்டியாயிற்று என்றால் ஆறில் நிற்பானேன்? எட்டேமுக்காலுக்குப் போய் நிற்பதுதான் வியாபாரம். 2017 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர மதுசார அளவை வைத்து வரி போடும் முறைக்கு மாற்றினார். பியர் பக்கம் ஆளைத் திருப்புவதே நோக்கம். 2022 நெருக்கடிக்குப் பிறகு வரி மேல் வரி ஏறியது. பியரும் கைக்கு எட்டாதவன் கசிப்பு என்ற கள்ளச் சாராயத்துக்குப் போனான்.

மறைவு என்றது குடிக்கும் இடத்தை. பௌர்ணமிப் போயா தினத்தில் கடை பூட்டு. தெருவில் குடித்தால் பொலிஸ். வீட்டில் அம்மாவும் சாமிப்படமும். பழைய கள்ளுத் தவறணையில் ஆள் பொழுதுபட உட்கார்ந்து பேசிப் பேசிக் குடித்தான். காலையில் இறக்கிய பனங்கள்ளு இனிக்கும், ஏற ஏறப் புளிக்கும், எப்படியும் இலேசான பியர் அளவுதான். தொட்டுக்கொள்ள அவித்த நண்டோ சுட்ட கருவாடோ. அவசரமில்லாத குடி அது. இன்றைக்கு வைன் ஸ்டோர்ஸில் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று வாங்கி, பத்திரிகைத் தாளில் சுற்றி, மோட்டார்சைக்கிளை எங்கேயாவது மரத்தடியில் விட்டு இருபது நிமிஷத்தில் முடிக்கவேண்டும். இருபது நிமிஷக் குடிக்கு 4.8 சரிவராது. அந்த வெள்ளைக்காரத் தம்பதிக்கு அவசரம் இல்லை. சூரியன் போகும்வரை உட்கார்ந்திருப்பார்கள், யாரும் பார்த்து வீட்டில் சொல்லப்போவதில்லை. அவர்களின் நாக்கு மென்மையானது என்பதைவிட, அவர்களின் நாற்காலி உறுதியானது என்பதுதான் பொருந்தும்.

அன்றைக்கு எங்கள் மேசையில் நடந்ததைச் சொல்லி விடுகிறேன். மச்சான் டெவலில் இரண்டு துண்டு தின்றான். காது சிவந்தது, மூக்கால் ஓடியது. ஸ்ட்ரோங்கை ஒரு மிடறு குடித்துவிட்டுத் தள்ளி வைத்தான். "இது மருந்து மாதிரிக் கிடக்கு, எனக்கு மற்றதை எடு." பொடியன் லாகர் கொண்டுவந்தான், கேட்காமலே தக்காளி சோஸையும் கொண்டுவந்தான். சித்தப்பா அவன் தள்ளிய போத்தலையும் தன் பக்கம் இழுத்து, கிளாஸில் மூன்று ஐஸ்கட்டி போட்டு ஊற்றினார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னம் இதே மச்சான்தான் சம்பல் உரலை வழித்து நக்கியவன்.

போகும்போது அம்மம்மா அவனுக்கு வழமைபோல ஒரு கிலோ தூள் இடிப்பித்துப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். "போன முறை தந்ததே இன்னும் முடியேல்லை அம்மம்மா" என்றான். அவள் கேட்காதமாதிரி பெட்டிக்குள் அடுக்கினாள்.